கல்லை எடுக்கக் காத்திருந்த பாய்

இன்னிக்குக் காலையில புதுச்சத்திரம் தாண்டினதும் டயர் பஞ்சர். மரவள்ளிக் கிழங்கு லோடு, சேலத்து ஆலைக்கு அவசரம். வண்டிக்குப் பின்னாடி ரோட்டுல வரிசையா கல்லு வச்சுட்டு ஸ்டெப்னி மாட்ட ஆரம்பிச்சேன்.

தொப்பி போட்ட வயசான பாய் ஒருத்தர் வந்து ஓரமா நின்னார். என்னையே பார்த்துட்டிருந்தார். எனக்குக் கையே ஓடலை.

"ஏனுங்க பாய், என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல தம்பி. நீங்க கெளம்புனதும் இந்தக் கல்லையெல்லாம் எடுத்து ஓரத்துல போடோணும். தெனமும் வெடியால சுபுஹு தொழுதுட்டு இந்த வேலைதான். வழியில கெடக்கற இடைஞ்சலை எடுக்கறதும் எங்க மார்க்கத்துல தர்மந்தான்."

"நானே எடுத்துருவனுங்க."

"லாரி ஓட்டுன காலத்துல நானும் அப்படித்தான் சொல்லுவேன். ஒரு நாளும் எடுத்ததில்ல."

எனக்குச் சுருக்குன்னுச்சு. டயரை மாட்டி முடிச்சதும் கடுப்புல அத்தனை கல்லையும் நானே தூக்கி ஓரத்துல போட்டேன்.

பாய் முகம் வாடிப் போச்சு. "எனக்கு ஒண்ணாச்சும் உட்டிருக்கலாமில்ல சாமி?"

லோடு எறக்கியாச்சு, மனசு மட்டும் ஓயலை. திரும்பிப் போறப்ப அவருக்காக ரோட்டுல ஒரு கல்லைப் போட்டுட்டுப் போனா அது பாவமா, புண்ணியமா? நீங்களே சொல்லுங்க.