ரெண்டாங்கிளாஸ் டீச்சர்

ஊரே அவளை ரெண்டாங்கிளாஸ் டீச்சர் என்றுதான் கூப்பிடும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை அவளிடம் விட்டால், வருடம் முடிவதற்குள் அது செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு அப்பாவுக்கே பாடம் எடுக்கும். கைராசிக்காரி என்று பெயர். அந்தக் கைராசிதான் அரசுப் பள்ளிக்கு வினையாக வந்து சேர்ந்தது.

நன்றாக வாசிக்கிற பிள்ளையை யார் இங்கே விட்டுவைப்பார்கள்? மூன்றாம் வகுப்புக்குப் பக்கத்து டவுன் தனியார் பள்ளிக்கு வேன் ஏற்றிவிடுவார்கள். அந்தப் பள்ளியோ டெஸ்ட் வைத்து, வாசிக்கத் தெரிந்ததுகளாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, தேர்ச்சி விகிதத்தைப் பேனரில் போட்டு மார்தட்டும். அந்த வேனை ஓட்டுவது வேறு யாருமில்லை, டீச்சரின் வீட்டுக்காரர். "இன்னிக்கு உன் பிள்ளைங்க யாரும் புதுசா ஏறல," என்று அவர் சொல்கிற நாளில் வீட்டில் காபி நன்றாக இருக்கும்.

இந்த வருடம் நிலைமை மோசம். இன்னும் ஒரு பிள்ளை குறைந்தாலும் பள்ளியை மூடி அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தையல்கடை அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"டீச்சர், அந்த ஸ்கூல்ல டெஸ்ட் வைக்கிறாங்களாம். பாப்பா வாசிச்சிடுவாளா? நீங்க சொன்னா சரி."

வகுப்பிலேயே கெட்டிக்காரி அந்தப் பாப்பாதான். டீச்சர் வாய் கூசாமல் சொன்னாள்: "இன்னும் தடுமாறுறாம்மா. ஒரு வருஷம் போகட்டும்."

அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். அப்பாடா என்றிருந்தது டீச்சருக்கு.

மறுநாள் பாடம் வாசிக்கச் சொன்னபோது பாப்பா எழுந்து நின்றாள். புத்தகத்தைத் திறக்கவில்லை.

"வாசி கண்ணு."

"எனக்கு வாசிக்க வராது டீச்சர். நீங்கதானே அம்மாகிட்ட சொன்னீங்க."

கோபத்தில் சொல்லியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். பிள்ளை அதை நம்பிச் சொன்னாள்.

அன்று மாலையே டீச்சர் தையல்கடைக்குப் போனாள்.

"பொய் சொல்லிட்டேன்மா. பள்ளிக்கூடத்த மூடிடுவாங்களேன்னு பயம். உங்க பொண்ணு அருமையா வாசிப்பா. டெஸ்டுக்கு அனுப்புங்க."

அக்கா மெஷினை நிறுத்தினாள். "நீங்களே இப்படிச் சொல்லலாமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

விடுமுறை முடிந்து தனியார் பள்ளி திறந்த அன்று, வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தவர் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தார்.

"தையல்கடைப் பொண்ணு ஏறிடுச்சு. வழியில ஒரு போர்டு விடல. கத்திக் கத்தி வாசிச்சுக்கிட்டே வருது. காதே போச்சு."

"தப்பில்லாம வாசிச்சாளா?"

"ஒரு தப்பு இல்ல."

டீச்சர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷமா வருத்தமா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்துவிட்டு, இனி அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போகக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.