ஒலிக்காத ஒரு கட்டை

2024 மார்ச் 9, சனிக்கிழமை. காலையில் துணி துவைத்தேன். பத்து மணிக்கு அம்மாவுடன் ஜொகூரின் ஸ்கூடாய் ஊர்ச் சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு, உணவுக்கடையில் தேநீர் குடித்தேன். அங்கே ஒரு மாணவி கிதாரில் மெதுவாகப் பாடினாள். காஹாங் ஊரில் நாங்கள் இருந்த வீட்டில் அண்ணன் கீபோர்டில் வாசித்த, ஆங்கில சிந்த்பாப் என்னும் மின்னிசைப் பாட்டு அது. யார் யாரோ புதிதாகப் பாடிப் பாடி, இன்னும் உயிரோடு இருக்கிறது.

அந்தக் கீபோர்டில் ஒரு கட்டை ஒலிக்காது. பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலைப் புகை மணக்கும் கூடத்தில் வாசிக்கும்போது, அந்த இடம் வந்ததும் அண்ணன் என் பக்கம் திரும்புவான்.

"ஒன்னோட கட்டை லா, பாப்பா. தூங்கிட்டியா?"

அந்த ஒரு சுரத்தை மட்டும் நான் பாடுவேன். கல்யாண வீடுகளிலும் அப்படித்தான், பந்தியில் சிரிப்பார்கள்.

சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்த அண்ணன் ஒருநாள் விபத்தில் இறந்தான். அதன்பின் அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் அம்மா எழுந்து போய்விடுவார். அன்று உணவுக்கடையில் எழவில்லை.

"ஒன் எடத்தையும் அந்தப் பொண்ணே பாடிட்டா," என்றார்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் மேலே வைத்திருந்த அண்ணன் கீபோர்டை இறக்கித் துடைத்து, ஒரு விரலால் அந்தப் பாட்டை வாசித்தேன். ஒலிக்காத அந்தக் கட்டையையும் அழுத்தினேன். அடுப்படியிலிருந்து அம்மா அந்த ஒரு சுரத்தைப் பாடினார்.