முதுகு காட்டாத தனிஸ்லாஸ்

தனிஸ்லாஸ் யாருக்கும் முதுகைக் காட்டமாட்டார். அரங்க வாசலில், தூணோடு முதுகை ஒட்டிவைத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களின் முகத்தை முதலில் பார்ப்பார், டிக்கெட்டைப் பிறகு. விளக்கணைந்தபின் வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து வழிகாட்டுவதும் அவர் வேலைதான். அந்த வெளிச்சம் நேராக நம் மோவாய்க்கட்டையில் வந்து விழும். "மூஞ்சியக் காட்டிப் பேசு சார். எந்த வரிசை?"

புதுச்சேரியின் பழைய துணி மில் ஒன்றைப் பழுதுபார்த்து, ஏழெட்டு வருடங்களாகக் கலை மையமாக நடத்துகிறார்கள். தறிகள் ஓடிய கூடத்தில் இப்போது காலையில் ஓவியம், மாலையில் பரதம், சனிக்கிழமைகளில் நாடகம். அதே கூடத்தில் இருபத்தாறு வருடம் தறி ஓட்டியவர் தனிஸ்லாஸ். வயது அறுபத்தேழு. ரெட்டியார்பாளையத்திலிருந்து சைக்கிளில் வருகிறார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். வாருவதற்குத்தான் தலையில் அதிகமில்லை.

பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். தலைக்கனம் பிடித்த மனுஷன் என்று மற்ற ஊழியர்கள் பேசிக்கொள்வார்கள். போன் செய்தால் எடுக்கமாட்டார். "மெசேஜ் போடு" என்பார். ஊரே மாஸ்க் போட்டிருந்த காலத்தில், இடுப்பு வலி என்று சொல்லி ஏழு மாதம் வேலைக்கே வரவில்லை.

நாடக ஒத்திகைக்குப் போகும் எனக்குத்தான் ஒருநாள் விஷயத்தைச் சொன்னார். "வீவிங்குல இருந்தவன் எவனுக்கு சார் காது கேக்கும்? அந்தச் சத்தத்துல வாயப் பாத்துத்தான் பேசிக்குவோம். நாலு தறிக்கு அந்தாண்ட நின்னு திட்டுனாக்கூடத் தெரிஞ்சிடும். இப்ப சுத்தமா கேக்கல. வெளிய சொல்லிடாத, அனுப்பிடுவாங்க. வூட்ல குந்துனா ரெண்டே மாசத்துல போய்ச் சேந்துடுவேன்."

போன மாதம் கூடத்தில் தீ எச்சரிக்கை மணி மாட்டினார்கள். மேலாளர் கமலக்கண்ணன் ஊழியர்களைக் கூட்டிச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெஸ்ட். மணி அடிச்சா வாசல்ல இருக்கிறவர்தான் எல்லாரையும் வெளிய அனுப்பணும். முடியலன்னா வேற ஆள் போட்டுடுவேன்." பிள்ளைகள் புழங்கும் இடம். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் மணி அடித்ததும் நான் கை காட்டட்டுமா என்று தனிஸ்லாஸிடம் கேட்டேன்.

"வாணாம். பசங்க மூஞ்சியே சொல்லிடும்."

அப்படியே நடந்தது. பரத வகுப்பின் முப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொள்ள, தனிஸ்லாஸ் எழுந்துவிட்டார். இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தார். சின்னப் பிள்ளைகளை முன்னால் விட்டார். கழிப்பறை வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, கூடம் காலி. வெளியே வந்ததுமே பிள்ளைகள் காதிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். எல்லாரும் முற்றத்தில் நிற்க, அவர் வாசற்படியில் எங்களைப் பார்த்தபடி நின்றுகொண்டார். கமலக்கண்ணன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சூப்பர் தனிஸ்லாஸ்!" என்றார். எனக்குக் கை தட்டவேண்டும் போலிருந்தது.

பின்பக்க மின் அறையில் இருந்த, மணி மாட்டியவர்கள் அதை நிறுத்தினார்கள். முற்றம் அமைதியாகிவிட்டது. தெருவில் ஒரு ஆட்டோ போவதுகூடக் கேட்டது. நடன ஆசிரியை சுடர்விழி படியருகே வந்து, "அண்ணே, பசங்கள உள்ள கூட்டிட்டுப் போவட்டுமா?" என்று கேட்டார்.

"இரும்மா. மணி நிக்கட்டும்" என்றார் தனிஸ்லாஸ், எல்லாருக்கும் கேட்கும்படி.

கமலக்கண்ணன் கடிகாரத்திலிருந்து நிமிர்ந்தார். சுடர்விழி குழம்பிப்போய் ஒரு படி ஏற, தனிஸ்லாஸ் இரண்டு கைகளையும் வாசலுக்குக் குறுக்கே நீட்டி வழியை மறித்துக்கொண்டார்.