எல்லைக் கம்புகள்

கனடாவின் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் வாடகை வீட்டில், மேல்மாடிக்காரரின் காலடிச் சத்தத்தைக் கேட்டே காலம் தள்ளிய தியோகுப்பிள்ளை, கோடையில் மொன்ட்ரியால் தீவின் மேற்குப் பக்கம் சொந்த வீடு வாங்கினார். றோட்டிலிருந்து பார்த்தால் வீடே தெரியாது. மரங்களுக்கு நடுவே கார் போய்வரும் டிரைவே அவ்வளவு நீளம்.

நவம்பரில் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது, டிரைவேயின் இரு பக்கமும் செம்மஞ்சள் கம்புகள் நடப்பட்டிருந்தன. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துக் காணிக்காரன் எல்லை போடுகிறான்! அதுவும் வேலிச் சண்டை பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்தானிடம்! ஒன்றுவிடாமல் பிடுங்கி கராஜுக்குள் எறிந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இன்று விடியப் பார்த்தால் இடுப்பளவு பனி. பனி தள்ளும் ட்ராக்டர் றோட்டில் வந்து நின்றது, ஹோர்ன் அடித்தது, திரும்பிப் போய்விட்டது. அதை ஒழுங்கு செய்திருந்த மகள் சஜிதா போனில் கத்தினாள்.

"அப்பா, அவங்கள் நட்ட கம்பு ஒண்டையும் காணேல்லையாம். பாதை எது, பள்ளம் எது எண்டு தெரியாமல் உள்ளுக்கு வரமாட்டாங்களாம். ஆர் பிடுங்கினது?"

"அது... பேந்து சொல்லுறன், பிள்ளை."

போனை வைத்துவிட்டு ஜன்னலடியில் நின்றார். வெளியே எல்லாம் ஒரே வெள்ளை. தன் காணி எதுவரை என்று அவருக்கே தெரியவில்லை.