ராஜாமணி வரைந்த கோடுகள்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ராஜாமணிக்கு மார்க்கிங் வேலை. தையல் ஓட வேண்டிய இடத்தைத் தோல் துண்டில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். அவள் கை நடுங்காது என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான். இன்னொரு குணமும் உண்டு. படித்தவர்கள் எதிரில் ஒன்றும் தெரியாதவள் என்று பேர் வாங்கிவிடக் கூடாது. புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவாள்.

1991-ல் அவள் மகள் இசைவாணிக்கு மூளையில் கட்டி வந்தது. ஆறு வயசுப் பிள்ளை. மெட்ராஸில் ஆபரேஷன் செய்தும் கட்டியில் கொஞ்சம் மிச்சம் நின்றுவிட்டது. தினமும் கதிர்வீச்சு மிஷினில் கதிர் வைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதோடு திங்கட்கிழமைகளில் மட்டும், முதலில் ஒரு கருவியால் கட்டிக்குச் சூடேற்றி, அது ஆறுவதற்குள் கதிர் வைப்பார்களாம்.

"சூட்டுல கட்டி அசந்து கெடக்கும்மா, கதிர் பட்டா தாங்காது. புது முறை, இப்பத்தான் செஞ்சு பாக்குறோம். கதிர் துளி தள்ளிப்போனாலும் நல்ல மூளையில படும். அதனால கதிர் எங்க படணும்னு தலையில ஊதா மையில போட்ட கோடு அழியக் கூடாது. எண்ணெ வைக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்," என்றாள் ராஜாமணி. அவள் மனசில் தங்கியது சூடு என்ற ஒரு சொல்தான்.

முதல் வாரம் முடிந்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் தண்டலத்து வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டி வந்தாள். நாத்தனார் தாயாரம்மாள் அந்த மொட்டைத் தலையைத் தொட்டுப் பார்த்துப் பதறிப்போனாள்.

"இன்னாடி ராஜாமணி, புள்ள மண்ட கொதிக்கிது! கண்ணு பாரு, எப்டி செவந்து கீது. அவனுங்க சூட்ட ஏத்துவானுங்க, நீ பாத்துகினு வருவியா? வெள்ளிக்கெழம வேற. எண்ணெ வெச்சி தல முழுவ வுடு."

ராஜாமணிக்கும் அதே கவலைதான். உடம்புச் சூட்டுக்கு எண்ணெய்க் குளியலைவிட வேறென்ன வேண்டும்? நல்லெண்ணெயை உள்ளங்கையில் எடுத்து மெல்லத் தேய்த்தாள். பிள்ளை சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. சீயக்காய் நுரையோடு ஊதா நிறம் வழிந்து தரையில் ஓடியபோதுதான் டாக்டரம்மா சொன்னது முழுசும் அவளுக்குக் கேட்டது.

உடனே பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. படிச்சுப் படிச்சுச் சொன்னோமே என்பார்கள். பட்டிக்காட்டுக் கழுதை என்பார்கள். வைத்தியமே வேண்டாம், போ என்றாலும் என்பார்கள். நினைக்கும்போதே அவளுக்கு உடம்பு கூசியது. கம்பெனிப் பையிலிருந்து ஊதா பேனாவை எடுத்தாள். தலையில் பழைய தடம் மங்கலாகத் தெரிந்தது. தெரிந்ததா, தெரிய வேண்டும் என்று அவளாக நினைத்துக்கொண்டாளா, அது அவளுக்கே வெளிச்சம். கை நடுங்காமல் வரைந்தாள்.

திங்கட்கிழமை சூடேற்றி முடித்து இசைவாணியைக் கதிர் அறைக்குக் கொண்டுவந்தார்கள். மிஷினைப் பார்த்துக்கொள்ளும் யேசுராஜ் விளக்கைக் கோட்டுக்கு நேராகப் பிடித்தார். ராஜாமணி வாசலில் நின்றாள். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை. யேசுராஜ் கதவைச் சாத்த வந்தார்.

உள்ளே படுத்திருந்த இசைவாணி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "சார், கோடு நல்லா கீதா? எங்கம்மாதான் போட்டாங்க."

யேசுராஜ் ராஜாமணியைப் பார்த்தார். அவள் தலை குனிந்தது. அவர் நேராகப் போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். எக்ஸ்ரே படத்தை வைத்து அளந்தபோது கோடு ஒரு விரல் அகலம் தள்ளியிருந்தது. எல்லாவற்றையும் புதிதாகக் குறிக்க வேண்டும். அதற்குள் சூடு ஆறிவிடும். அவ்வளவு நேரம் அசையாமல் பிள்ளை பொறுத்துக்கொண்ட சூடு வீண்.

"சூட்ட அடுத்த திங்கட்கிழம பாத்துக்கலாம். வைத்தியம் நிக்காது," என்றார் டாக்டரம்மா. பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "வாசல்லயே நின்னீங்களேம்மா, ஏன் சொல்லல?"

"திட்டுவீங்கன்னு மேடம்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது இன்னதென்று அவளுக்கு உறைத்தது. ஒரு திட்டுக்குப் பயந்து பெற்ற பிள்ளையை அந்தக் கதிருக்கடியில் விட்டுவிட்டு நின்றிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட மாட்டாரா என்று டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தாள். அவர் திட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா," என்றார்.