செருப்பில்லாத சூளை வாசல்

எங்கள் பீங்கான் கம்பெனியில் எரியாமல் கிடந்த பழைய சூளைக்குள் கண்காட்சி வைக்க ஒரு சிற்பி வந்தார். உடைந்த பொம்மைகளை உள்ளே கயிற்றில் தொங்கவிட்டு, சூளை எரியும் சத்தத்தை ஸ்பீக்கரில் ஓட விடுவாராம். விருத்தாசலத்தில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்று எனக்குச் சிரிப்புத்தான். பொம்மைகளைத் துடைக்க என் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டார். அவளும் எங்கள் கம்பெனியில்தான் வேலை செய்கிறாள்.

திறப்புக்கு முதல் நாள் மதியம், "வாசல சும்மா கல்லு அடுக்கி மூடுங்க, ஒரு போட்டோ எடுத்துட்டுப் பிரிச்சிடலாம்" என்றார் என்னிடம்.

சூளை வாசலைக் கல் வைத்து அடைக்கிற எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிறவர் செருப்பை வாசலில் விட்டுத்தான் போக வேண்டும். செருப்பு கிடந்தால் நாங்கள் கல் வைக்க மாட்டோம். இத்தனை வருஷத்தில் நான் செருப்பைத்தான் பார்த்திருக்கிறேன், உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்கு வாசலில் செருப்பு இல்லை. உள்ளே ஸ்பீக்கர் மட்டும் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. இவள் சாப்பிடப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள் நான். அடுக்கியதோடு விடாமல், சந்துக்குச் சந்து களிமண் வைத்து, மேலேயும் வழித்துப் பூசிவிட்டேன். சிற்பிக்கு ஒரே சந்தோஷம். போட்டோ எடுத்துவிட்டு டீ குடிக்கும்போது சொன்னார்.

"வாசல்ல ஒரு செருப்பு கிடந்துச்சு. போட்டோவுல நல்லா இருக்காதுன்னு ஓரமா எடுத்து வச்சிட்டேன்."

"எந்தச் செருப்புங்க?"

சுவரோரம் கைகாட்டினார். என் மனைவியின் நீலச் செருப்பு.

பக்கத்துச் சூளை காலையிலிருந்து எரிகிறது. இரண்டுக்கும் ஒரே புகைபோக்கி. புகை திரும்பினால் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். கடப்பாரை தேடத் தோன்றவில்லை, வெறும் கையால் மண்ணைப் பறித்தேன். ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நின்றது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பயந்ததில்லை.

நாலைந்து கல் பெயர்ந்ததும் அவள் கை வெளியே வந்தது. மீதிக் கல்லையும் தள்ளி, இழுத்து வெளியே உட்கார வைத்தோம். இருமி இருமி, தண்ணீர் குடித்த பிறகுதான் பேசினாள்.

"உள்ள லைட்டு எரிஞ்சிதா, வாசல் மூடறது ஒண்ணும் தெரியல. திரும்பிப் பாக்கறேன், அடைச்சே முடிச்சிட்டீங்க."

"கத்தக் கூடாதா?"

"கத்திகிட்டுதான் இருந்தேன். மண்ணு பூசற சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்பறம் வுட்டுட்டேன்."

"ஏன் வுட்ட?"

"நீங்க பூசுனா ஒரு சந்துகூட இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா?"