நாளைக்குச் சோதனை

அவருடைய சட்டைப்பையில் எப்போதும் நான்கு பேனாக்கள் இருக்கும், ஒன்றும் எழுதாது. மன்னார்குடிப் பக்கம், பழைய நெல் குடோன் ஒன்றில் இலங்கை அகதி முகாம் இருந்தது. போருக்குத் தப்பி வந்த பிள்ளைகளுக்கு அங்கே மாலை வகுப்புகளை ஒருங்கிணைத்தவர் அவர்தான். நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அவர் பூதலூர்க்காரர். ஆனால் முகாமுக்குள் நுழைந்ததும் யாழ்ப்பாணத்துக்காரராகிவிடுவார். சீக்கிரம் வாங்க, அழகா எழுதுங்க என்பதை, "கெதியா வாங்க, வடிவா எழுதுங்க" என்பார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்க அவர்களுக்கு ஒரு தேர்வு வைக்க வேண்டியிருந்தது. தேர்வை அவர்கள் சோதனை என்பார்கள் என்று யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். முந்தின நாள் முகாமில் ஒவ்வொரு குடும்பத்திடமும் போய், "நாளைக்குக் காலையில சோதனை! எல்லாரும் தயாரா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

காலையில் போனால் ஒரு பிள்ளை கையிலும் பென்சில் இல்லை. பெரியவர்கள் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றார்கள். பெட்டிகளெல்லாம் திறந்து கிடந்தன. ஒரு பெண் அரிசியைக்கூட முறத்தில் கொட்டிப் பரப்பி வைத்திருந்தாள். போலீஸ் சோதனைக்கு!

"உங்க தமிழ்லதானேம்மா சொன்னேன்?" என்றார், அழாத குறையாக.

"நாங்கள் உங்கட தமிழிலயெல்லோ விளங்கிக்கொண்டனாங்கள், ஐயா" என்றாள் அவள்.

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "சரி, பெட்டி தொறந்துதானே இருக்கு. பென்சிலை எடுங்க" என்றார்.

தேர்வு நடந்தது. அதன்பிறகு அந்தச் சொல்லை அவர் எந்தத் தமிழிலும் சொல்லி நான் கேட்டதில்லை.